அரிய நூல்கள் ஏன் அரியவை ஆயின?

தோழர்களே, ஆய்வு நூலகங்களில் ‘அரிய நூல்கள்’ என்று தனிப் பிரிவு இருக்கிறது. நம் முன்னோர் நடத்திய இதழ்களும் இன்று அரியவையே. ஆனால் அவை அரிதான காரணத்தை நாம் கேட்க வேண்டும்.

1893இல் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். 1907 ஜூன் 19இல் அயோத்திதாசப் பண்டிதரின் ‘ஒரு பைசாத் தமிழன்’ வெளிவந்தது. அடுத்த ஆண்டு அது ‘தமிழன்’ ஆனது. மலிவுத் தாளில் உள்ள அமிலம் ஏட்டைப் பழுப்பாக்கி நொறுக்கிவிடும். சேர்த்துவைக்க நமக்கென நூலகமும் இல்லை.

ஆங்கில அரசு இந்திய மொழி இதழ்களைக் கண்காணித்து, செய்திகளின் சாரத்தை ஆங்கிலத்தில் இரகசிய அறிக்கைகளாகத் தொகுத்தது. பிரதிகூடக் கிடைக்காத நம் இதழ்கள் சிலவற்றை இவ்வறிக்கைகள் வழியாகவே அறிகிறோம். ஆனால் அரசு தனக்கு வேண்டியதை மட்டுமே பெயர்த்தது. கோரிக்கைகள் தப்பின, வாசகர் கடிதமும் விளம்பரமும் பெரும்பாலும் போயின.

‘தமிழன்’ இதழ்கள் வேறு வழியில் பிழைத்தன. அன்பு பொன்னோவியம் போன்றோர் அவற்றைக் காத்துவைத்தார்கள். அதனால்தான் 1999இல் ஞான. அலாய்சியஸ் அயோத்திதாசர் சிந்தனைகளைத் தொகுக்க முடிந்தது. அதன்பின் ஆய்வுகள் பெருகின.

ஆகவே மாணவத் தோழர்கள் ஆவணக் காப்பகத்தோடு நின்றுவிடக் கூடாது. பழைய பௌத்த சங்கங்களிலும் ஊர்ப் பெரியவர்களின் டிரங்குப் பெட்டிகளிலும் தேடுங்கள். கிடைத்ததை ஒளிப்படமெடுங்கள், தேதி, ஊர், வைத்திருந்தவர் விவரம் குறியுங்கள். மூலத்தை அவர்கள் சம்மதமின்றி எடுத்துவராதீர்கள். இதுவரை காத்தவர்கள் அவர்கள்தாம்.