சிவப்புக் குமிழ் வைத்த சின்னப் பெட்டி... 50 வருஷம் கழித்தும் ஸ்டுடியோக்கள் தேடுவது ஏன்?

உங்கள் செல்போனில் பாட்டு ஆப்பைத் திறந்து செட்டிங்ஸுக்குள் போனால் 'ஈக்வலைசர்' என்று ஒன்று இருக்கும். பேஸை ஏற்றுவோம், டிரெபிளைக் குறைப்போம், அப்புறம் மறந்தே போய்விடுவோம். ஆனால், ரெக்கார்டிங் ஸ்டுடியோக்காரர்களிடம் ஈக்வலைசர் என்று சொல்லிப் பாருங்கள். பலர் முதலில் சொல்லும் பெயர், 'நீவ் 1073'.

1970-ல் லண்டனின் வெசெக்ஸ் ஸ்டுடியோவுக்காக ஒரு மிக்ஸிங் கன்சோல் தயாரானபோது பிறந்தது இது. உயரம் சுமார் 22 செ.மீ., அகலம் 4.5 செ.மீ. கன்சோலில் ஒவ்வொரு சேனலுக்கும் இப்படி ஒன்றைச் செருகிவிடுவார்கள். மேலே இருக்கும் சிவப்புக் குமிழ், மைக்கில் இருந்து வரும் மெல்லிய சிக்னலைப் பெருக்கித் தரும். அதற்குக் கீழேதான் ஈக்வலைசர்.

அதில் இருக்கும் வசதிகள் ரொம்பக் கம்மி. மேல் சுருதிக்கு 12 கிலோ ஹெர்ட்ஸ் மட்டும்தான், ஏற்றலாம், இறக்கலாம். நடுப்பகுதிக்கு 360 ஹெர்ட்ஸில் தொடங்கி 7.2 கிலோ ஹெர்ட்ஸ் வரை 6 இடங்கள். அடிச்சத்தத்துக்கு 35, 60, 110, 220 என நான்கு. கூடவே, தரை அதிர்வு, ஃபேன் இரைச்சல் மாதிரியான வேண்டாத ஆழச்சத்தத்தை வெட்டும் ஒரு ஃபில்டர். நினைத்த இடத்திலெல்லாம் திருக முடியாது. ஆனாலும், இந்தக் குமிழ்களை எப்படித் திருப்பினாலும் குரல் கெட்டுப்போவதில்லை என்பதுதான் இன்ஜினீயர்கள் இதைக் கொண்டாடக் காரணம்!

உள்ளே ஐ.சி. சிப் எதுவும் கிடையாது. தனித்தனி டிரான்சிஸ்டர்கள், செம்புக்கம்பி சுற்றிய காயில்கள், சிக்னல் நுழையும் இடத்திலும் வெளியேறும் இடத்திலும் இரும்பு உள்ளகம் கொண்ட டிரான்ஸ்ஃபார்மர்கள். சத்தம் கூடும்போது அந்த இரும்பு லேசாகத் திணறும். அந்தத் திணறல்தான் காதுக்குக் 'கதகதப்பாக'க் கேட்கிறது. கணக்குப்படி அது ஒரு குறைதான்!

வடிவமைத்தவர் ரூபர்ட் நீவ். 1926-ல் இங்கிலாந்தில் பிறந்து, அர்ஜென்டினாவில் வளர்ந்தவர். சிறுவனாக இருந்தபோதே ரேடியோ செய்து பழகியவர். இவருக்கும், 'பீட்டில்ஸ்' ஆல்பங்களைப் பதிவுசெய்த இன்ஜினீயர் ஜெஃப் எமெரிக்குக்கும் நடந்த சம்பவம் ஒன்று ஸ்டுடியோ உலகில் பிரசித்தம்.

1970-களின் பிற்பகுதி. நீவ் கம்பெனியின் புது கன்சோல் ஒன்றில் சில சேனல்கள் மட்டும் சரியில்லை என்றார் எமெரிக். மற்றவர்கள் காதுக்கு எதுவும் புலப்படவில்லை. நீவ் அளந்து பார்த்தபோது, அந்த சேனல்களில் டிரான்ஸ்ஃபார்மர் இணைப்பு முழுமையாக இல்லை. அதனால் 54 கிலோ ஹெர்ட்ஸில் 3 டெசிபல் எகிறியிருந்தது. மனிதக் காது கேட்கும் எல்லையே 20 கிலோ ஹெர்ட்ஸ்தான்! 'கேட்காத சத்தமும் கேட்பதை மாற்றும்' என்று கடைசிவரை வாதிட்டார் நீவ். இதை ஒப்புக்கொள்ளாத இன்ஜினீயர்களும் உண்டு. எனக்கோ ஆச்சர்யம், எமெரிக்கின் புகாரை யாரும் சிரித்து ஒதுக்காமல் போனதுதான்.

1970-களின் நடுவில், தன் பெயரில் இருந்த கம்பெனியை விட்டே விலகிவிட்டார் நீவ். பிறகு டிஜிட்டல் வந்தது. பெரிய கன்சோல்களுக்கு இடமும் இல்லை, பராமரிக்க ஆளும் இல்லை. அப்போதுதான் வியாபாரிகள் ஒரு விஷயத்தைக் கண்டுகொண்டார்கள். முழு கன்சோலாக விற்பதைவிட, உள்ளே இருக்கும் மாட்யூல்களைத் தனித்தனியாகக் கழற்றி விற்றால் அதிக லாபம்! கார் திருடர்கள் பார்ட்ஸ் பிரிப்பது போலப் பல கன்சோல்கள் பிரிக்கப்பட்டன. ஒரே மேஜையில் வேலைபார்த்த பெட்டிகள் ஊருக்கு ஒன்றாகப் போய்விட்டன.

முழுசாகத் தப்பியவையும் உண்டு. லாஸ் ஏஞ்சலஸின் 'சவுண்ட் சிட்டி' ஸ்டுடியோவில் 1073-ன் தம்பியான 1084 மாட்யூல்கள் பொருத்திய நீவ் 8028 கன்சோல் இருந்தது. 1991-ல் நிர்வாணா குழுவின் 'நெவர்மைண்ட்' ஆல்பம் பதிவானது அதில்தான். ஸ்டுடியோ மூடியபோது, அந்தக் குழுவின் டிரம்மர் டேவ் க்ரோல் கன்சோலை அப்படியே வாங்கித் தன் ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோனார். 2013-ல் அதைப் பற்றி 'சவுண்ட் சிட்டி' என்ற ஆவணப்படமும் எடுத்தார். அதில் ரூபர்ட் நீவும் வருகிறார். க்ரோலிடம் சர்க்யூட்டைப் பற்றி அவர் விளக்க விளக்க, ஒன்றும் புரியாமல் க்ரோல் தலையாட்டும் காட்சிக்காகவே படத்தைப் பார்க்கலாம்.

2021 பிப்ரவரியில், 94 வயதில் நீவ் காலமானார். 1073 இன்றும் இங்கிலாந்தில் தயாராகிறது. வாங்க வசதியில்லாதவர்களுக்கு, லேப்டாப் திரையில் அதே சிவப்புக் குமிழ் வரைந்த சாஃப்ட்வேராகவும் கிடைக்கிறது. மவுஸால்தான் திருக வேண்டும்!