குரங்கு விழுந்த இடம்

1957-இல் கர்நாடகத்தின் ஷிமோகா மாவட்டத்தில், கியாசனூர் காட்டில் மந்திகளும் நாட்டுக் குரங்குகளும் அடுத்தடுத்துச் செத்து விழுந்தன. காட்டை ஒட்டிய ஊர்களிலோ கடுங்காய்ச்சல். மஞ்சள் காய்ச்சல் இந்தியாவுக்குள் நுழைந்துவிட்டதோ என்று ஆய்வாளர்கள் அஞ்சினார்கள். புனே வைரஸ் ஆய்வு மையம் கண்டறிந்ததோ ஒரு புது வைரஸ். ரஷ்யக் காடுகளில் உண்ணிகளால் பரவி மூளையைத் தாக்கும் வைரஸ்களுக்கு அது நெருங்கிய உறவு. இதைத்தான் குரங்குக் காய்ச்சல் என்கிறோம்.

இதற்காகக் குரங்கை விரட்டுவதும் அடிப்பதும் அநியாயம். நம்மைப் போலவே அதுவும் இந்த நோய்க்குப் பலியாகும் உயிர். நோயைச் சுமந்து திரிவது உண்ணி.

காட்டு உண்ணி தன் வாழ்நாளில் மூன்று முறைதான் ரத்தம் குடிக்கிறது. ஆறு கால் குஞ்சாக ஒருமுறை, எட்டுக்கால் இளம் உண்ணியாக ஒருமுறை, வளர்ந்தபின் ஒருமுறை. ஒவ்வொரு முறையும் ஓர் உடலில் ஏறி, நாள்கணக்கில் ஒட்டிக்கிடந்து, வயிறு நிறைந்ததும் தரையில் விழும். சிறியவை எலி, மூஞ்சூறு, பறவை, குரங்கு ஆகியவற்றில் ஏறும். வளர்ந்தவை மாட்டையும் மானையும் நாடும். குரங்கின் ரத்தத்தில் வைரஸ் ஏராளமாகப் பெருகுகிறது. குரங்கு செத்து உடல் குளிர்ந்ததும் அதில் ஒட்டியிருந்த உண்ணிகள் கும்பலாக இறங்கிச் சருகுக்குள் போகின்றன. குரங்கு விழுந்த இடத்தைச் சுற்றி 50 மீட்டருக்குப் பூச்சிமருந்து தூவுவது அதனால்தான்.

மனிதரைக் கடிப்பது பெரும்பாலும் இளம் உண்ணி. எள்ளளவுதான் இருக்கும். புல்நுனியில் முன்னங்கால்களை நீட்டியபடி காத்திருக்கும். நாம் விடும் மூச்சையும் உடற்சூட்டையும் அந்தக் கால்களாலேயே அறியும். கடித்தால் வலிக்காது. அவை மிகுவது டிசம்பர் முதல் மே வரை. மழை ஓய்ந்து, விறகு பொறுக்கவும் பாக்குத் தோட்டத்துக்குச் சருகு அள்ளவும் ஏழைகள் காட்டுக்குள் போகும் காலமும் அதுவே. வேறு வழியில்லாதவர்களைத்தான் இந்த நோய் முதலில் பிடிக்கிறது என்பது மனதை வருத்துகிறது.

கடித்த மூன்று முதல் எட்டு நாளில் திடீர்க் காய்ச்சல், தாங்க முடியாத தலைவலி, உடல்வலி. சிலருக்கு ஈறிலும் மூக்கிலும் ரத்தக் கசிவு. காய்ச்சல் விட்டு ஓரிரு வாரம் கழித்து மீண்டும் வந்து மூளையைத் தாக்குவதும் உண்டு. நோய் கண்டவர்களில் 100-க்கு மூன்று முதல் ஐந்து பேர் இறக்கிறார்கள். மனிதரிடமிருந்து மனிதருக்கு இது பரவுவதில்லை. வைரஸைக் கொல்லும் தனி மருந்து கிடையாது. பழைய தடுப்பூசி போதிய காப்புத் தராததால் நிறுத்தப்பட்டுவிட்டது.

ஷிமோகாவோடு இது நின்றுவிடவில்லை. 2012-இல் பந்திப்பூரில், இறந்த குரங்குகளைக் கையாண்ட வனப் பணியாளர்களுக்கு வந்தது. முதுமலையில் குரங்குகளிடம் கண்டறியப்பட்டது. பிறகு வயநாட்டிலும் பரவியது. ஆகவே இந்தக் காடுகளை ஒட்டிய கூடலூர்ப் பக்கத்து மக்கள், செத்த குரங்கைக் கண்டால் தொடவோ புதைக்கவோ முயலாமல் வனத்துறைக்குச் சொல்ல வேண்டும். உடலில் உண்ணி ஒட்டியிருந்தால் விரலால் நசுக்காமல், தோலை ஒட்டி இடுக்கியால் பிடித்து நேராக இழுத்தெடுக்க வேண்டும். காய்ச்சல் வந்தால், காட்டுக்குப் போய்வந்ததை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் டெங்கு என்று நினைத்தே சோதனைகள் நடக்கும்.