கதவு திறக்கும் வழி அறிவோம்

பொங்கலும் தீபாவளியும் நெருங்கிவிட்டால், சந்தாபுராவில் வாழும் நம்மவர் குடும்பம் குடும்பமாக ஓசூர்ச் சாலையில் ஊர் நோக்கிப் புறப்படுகின்றனர். அவ்வரிசையில் பச்சை எண் பலகை தாங்கிய மின்சாரக் கார்களும் இன்று பெருகி வருகின்றன. புகையும் இரைச்சலும் இல்லாத இவ்வண்டிகளை நாம் வரவேற்கிறோம். ஆயினும், வண்டி வாங்கும் நாளில் விலையும் வேகமும் விசாரிக்கும் நாம், ஆபத்து வேளையில் வெளியேறும் வழியை விசாரிக்கின்றோமா?

2025 அக்டோபர் 24ஆம் நாள் விடியுமுன், ஐதராபாத்திலிருந்து பெங்களூருக்கு வந்துகொண்டிருந்த தனியார் பஸ் ஒன்று கர்னூல் அருகே தீப்பற்றியது. மோட்டார் சைக்கிள் ஒன்று அதன் அடியிற் சிக்கியதால் விளைந்த கேடு அது. பயணிகளில் 19 பேர் மாண்டனர். அது மின்சார வண்டியன்று. எனினும் கதவு திறக்காமற் போனபோது, ஜன்னல் கண்ணாடியை உடைத்துப் பலர் உயிர் தப்பினர். இதில் நமக்கொரு பாடம் உண்டு.

புதிய கார்கள் சிலவற்றில் கதவு பொத்தானால் திறக்கும். விபத்தில் மின்சாரம் தடைப்பட்டால் பொத்தான் பயன்படாமற் போகலாம். அந்நேரத்துக்கென்று கையால் இழுத்துத் திறக்கும் பிடி ஒன்று தனியே உண்டு. அதன் இடமோ காருக்குக் கார் மாறும். பின்கதவில் அது மூடியின் கீழ் மறைந்திருப்பதும் உண்டு. குழந்தைப் பூட்டு இட்டிருந்தால் பின்கதவு உள்ளிருந்து திறவாது. பின் இருக்கையில் அமர்வோர் யார்? ஊரிலிருந்து வந்த பாட்டியும் நம் குழந்தைகளுமே அல்லவா?

மின்கலத் தீ ஒரு கலத்திலிருந்து அடுத்த கலத்துக்குத் தாவும். அணைந்ததுபோல் தோன்றி மீண்டும் மூளும். அதன் புகை நஞ்சு. எனவே புகையோ கருகல் நெடியோ தோன்றிய உடனே வண்டியை ஓரமாக நிறுத்தி அனைவரும் இறங்க வேண்டும். கதவு திறவாவிடில், கண்ணாடி உடைக்கும் சிறு சுத்தியலால் பக்கக் கண்ணாடியின் மூலையில் அடிக்க வேண்டும். முன் கண்ணாடி எளிதில் விலகாது. வெளியேறியபின் தொலைவில் நின்று 112க்குத் தெரிவித்து, மின்சார வண்டி என்பதையும் சொல்லுக. மூட்டைக்காகத் திரும்புதல் ஆகாது.

வரும் ஞாயிறன்று வண்டியை நிறுத்திவைத்து, கையேட்டைப் பார்த்து, பாட்டி முதல் பேரன் வரை ஒவ்வொருவரும் அப்பிடியைத் தம் கையாலேயே ஒருமுறை இழுத்துப் பார்க்கட்டும். பகலில் பழகிய கை இருளிலும் வழி காணும்.