மூச்சுப் பெட்டி மூச்சை நிறுத்தினால்...



பிள்ளைக்கு முட்டு வருத்தம் என்று கேள்விப்பட்டு, கட்டாரிலிருக்கும் மகனோ கொழும்பிலிருக்கும் தம்பியோ அனுப்பி வைத்த ஏர் பியூரிஃபயர் திடீரென்று ஒரு நாள் நின்று விடுகிறது. சுவிட்சைத் தட்டிப் பார்க்கிறீர்கள். லைட்டும் இல்லை, சத்தமும் இல்லை. ஊர்காவற்றுறை, வேலணைப் பக்கத்தவர் என்றால் பஸ் ஏறி யாழ்ப்பாணம் போய்த் திருத்தி வரலாம். நயினாதீவிலும் நெடுந்தீவிலும் இருப்பவர்கள் என்ன செய்வது? பெட்டியைத் தூக்கிக் கொண்டு படகேறி, குறிகட்டுவானில் இறங்கி, பிறகு பஸ் பிடித்து நகரத்துக்குப் போய், "தங்கச்சி, பிளக்கின் பியூஸ்தான் போயிருக்கிறது" என்று கடைக்காரர் சொன்னால் எப்படி இருக்கும்? படகேறும் முன் வீட்டிலேயே பார்த்துவிட வேண்டிய சங்கதிகள் சில உண்டு. ஸ்குரூ டிரைவர் பிடிக்கத் தெரிந்த எந்தப் பெண்ணும் இவற்றைச் செய்யலாம்.

ஒரு நிபந்தனை. வுழூ செய்த ஈரக் கையோடு பிளக்கைத் தொடாதீர்கள். எதைத் திறப்பதானாலும் முதலில் சுவரிலிருந்து பிளக்கைக் கழற்றி விடுங்கள்.

பிளக்கிலிருந்தே தொடங்குவோம். அதே துளையில் மேசை விளக்கையோ போன் சார்ஜரையோ செருகிப் பாருங்கள். அது வேலை செய்தால் குற்றம் துளையில் இல்லை. இப்போது நம் நாட்டின் தரமாக இருக்கும் சதுரக் கால் பிளக்கினுள்ளே, சிறுவிரல் நுனியளவில் ஒரு பியூஸ் குழல் ஒளிந்திருக்கிறது. பழைய வட்டக் கால் பிளக்கோடு வளர்ந்த நம்மில் பலருக்கு இது தெரியாது. அந்தக் குழலைக் கழற்றி, நன்றாக வேலை செய்யும் வேறொரு பிளக்கின் குழலை மாட்டிப் பார்த்தால் விஷயம் விளங்கி விடும். புதிதாக வாங்கும்போது பழையதில் எழுதியிருக்கும் அதே ஆம்பியரில் வாங்குங்கள். இந்தச் சிறிய இயந்திரத்துக்கு 3 ஆம்பியரே தாராளம். பியூஸ் கிடைக்கவில்லை என்று வெள்ளித்தாள் சுற்றும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. வீட்டையே எரிக்கும் வழக்கம் அது.

ஜப்பானிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ வந்த பெட்டியானால், அதன் பின்புறம் ஒட்டியுள்ள சீட்டை வாசியுங்கள். அங்கே மின்சாரம் 100, 120 வோல்ட், நமக்கோ 230. சீட்டில் 230 என்றோ, 100-240 என்றோ இல்லாத பெட்டியை நேராகச் சுவரில் செருகியிருந்தால் அது நின்றதில் ஆச்சரியமில்லை.

பியூஸ் நன்றாக இருந்தால் மூடியைப் பாருங்கள். வடிகட்டியை மூடும் கதவு சரியாகப் பொருந்தாவிட்டால் பல பெட்டிகள் ஓடவே மாட்டா. மூடியின் உட்புறம் சின்னப் பல் ஒன்று நீட்டிக் கொண்டிருக்கும். அது உள்ளேயுள்ள பொத்தானை அழுத்தினால்தான் கரண்ட் போகும். துப்புரவு செய்த மறுநாள் பெட்டி 'செத்துப் போவது' பெரும்பாலும் இதனால்தான். மூடியைக் கழற்றி, 'டிக்' என்ற சத்தம் வரும்வரை அழுத்தி மாட்டுங்கள். பொத்தான்கள் எதற்கும் பதில் சொல்லாவிட்டால், குழந்தைகள் விளையாட்டாகச் 'சைல்ட் லாக்'கைப் போட்டிருப்பார்கள். பூட்டுப் படமுள்ள பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் திறந்து விடும். இரவு நிலையில் சில பெட்டிகள் எல்லா விளக்குகளையும் அணைத்துவிட்டு மெதுவாக ஓடும். காற்று வாயில் கையை வைத்துப் பார்க்காமல் 'ஓடவில்லை' என்று முடிவு கட்டாதீர்கள்.

பெட்டி ஓடுகிறது, ஆனால் காற்று வரவில்லை என்றால் அது வேறு கதை. வடிகட்டி அடைத்திருக்கிறது. புது வடிகட்டியானால், அதைச் சுற்றி வந்த பொலித்தீன் உறையைக் கழற்றினீர்களா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், உறையோடு மாட்டி மாதக்கணக்கில் ஓட்டுபவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள்!

உள்ளே பொதுவாக மூன்று அடுக்கு இருக்கும். முன்னால் இருக்கும் வலை முடியையும் பஞ்சையும் பிடிக்கும். அதைக் கழுவி நிழலில் நன்றாகக் காய வைத்து மாட்டலாம். அடுத்தது 'ஹெப்பா' எனும் மடிப்பு மடிப்பான தாள். 0.3 மைக்ரோன் அளவுத் துகள்களில் நூற்றுக்கு 99.97ஐப் பிடித்து வைப்பதுதான் உண்மையான ஹெப்பா. கழுவலாம் என்று அதன் மேலேயே எழுதியிருந்தாலொழிய இதில் தண்ணீர் படக்கூடாது. கழுவினால் அதன் இழைகள் குலைந்து வெறும் தாளாகி விடும். மூன்றாவது கரி அடுக்கு, வாடையை உறிஞ்சுவது. இவை இரண்டும் காலாவதியானால் மாற்றத்தான் வேண்டும். மாற்றிய பிறகும் சிவப்பு விளக்கு அணையாவிட்டால் பழுது என்று நினைக்காதீர்கள். 'ரீசெட்' பொத்தானை அழுத்தும்வரை அது எரிந்து கொண்டேதான் இருக்கும்.

எப்போதும் சிவப்பு காட்டி இரைந்துகொண்டே இருக்கும் பெட்டிக்கும் எளிய வைத்தியம் உண்டு. பக்கவாட்டில் சிறு துளையினுள் தூசியைப் பார்க்கும் கண்ணாடிக் கண் இருக்கிறது. அதைக் காது குடையும் பஞ்சுக் குச்சியால், ஈரமில்லாமல், மெல்லத் துடைத்து விடுங்கள்.

இனி, நம் தீவுகளுக்கே உரிய இரண்டு எதிரிகளைச் சொல்ல வேண்டும். ஒன்று உப்பு. கடற்காற்றிலுள்ள உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டு உள்ளேயுள்ள தகட்டில் படிந்து, செம்புக் கம்பிகளைப் பச்சையாகப் பூக்க வைக்கும். கடலைப் பார்த்த ஜன்னலருகே பெட்டியை வைக்காதீர்கள். ஓடாத மாதங்களில் துணி சுற்றிப் பீரோவில் வையுங்கள். எறும்பும் பல்லியும் கூடச் சூடான பெட்டிக்குள் குடிபோகும்.

மற்றது மின்சாரம். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் பிரதான மின்வலையோடு சேராமல், நெடுங்காலம் டீசல் ஜெனரேட்டர்களை நம்பி வந்தவை. இந்த மூன்று தீவுகளுக்கும் சூரிய ஒளி, காற்றாலை, மின்கலம் சேர்ந்த மின்திட்டம் அமைக்க, இந்திய அரசின் நன்கொடையில் 2024 மார்ச் 1ஆம் திகதி ஒப்பந்தம் கையெழுத்தானது. எந்த மின்சாரமானாலும், போய் வரும் நேரத்து ஏற்றத்தாழ்வுதான் இத்தகைய பெட்டிகளின் உள்ளத்தைச் சுடுவது. கரண்ட் போனதும் பிளக்கைக் கழற்றி, வந்த பிறகு ஐந்து நிமிடம் பொறுத்துச் செருகுங்கள். கருகிய வாடை வந்தாலோ, உள்ளே 'படபட' என்று பொறி பறந்தாலோ அத்துடன் கையெடுத்து விடுங்கள். அது திருத்துபவரின் வேலை.

பெட்டி இல்லாத நாட்களில் பிள்ளை என்ன செய்யும் என்று பயப்படுகிறீர்களா? சோளகமும் வாடையும் மாறி மாறி வீசும் தீவு இது. பெரும்பாலான நாட்களில் திறந்த ஜன்னலே போதும். விதிவிலக்கும் உண்டு. 2022 டிசம்பரில், வங்கக் கடலில் 'மாண்டஸ்' புயல் இருந்த வேளை, வடக்கே இந்தியாவிலிருந்து வந்த புகைமூட்டம் யாழ்ப்பாணம் முதல் கொழும்பு வரை மூடியது. டிசம்பர் 9ஆம் திகதி பாடசாலைகளுக்கே விடுமுறை விட்டார்கள். அப்படிப்பட்ட நாளில் ஜன்னலை மூடிப் பிள்ளையை உள்ளே வையுங்கள். மற்ற நாட்களில் நம் வீட்டுப் புகைதான் பெரிய புகை. குசினியில் எரியும் பனைமட்டையும் ஊமலும், மஃரிபுக்குப் பின் போடும் சாம்பிராணியும், இரவு முழுக்கப் புகையும் கொசுச் சுருளும் சேர்ந்தால் எந்தப் பெட்டி தாங்கும்? சீனாவிலும் மலேசியாவிலும் விற்ற சுருள்களை ஆராய்ந்து 2003இல் வெளியான ஆய்வொன்று, ஒரு சுருள் எரிந்து வரும் நுண்தூசி 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமம் என்று கண்டது. முட்டு வருத்தக்காரப் பிள்ளையின் அறையில் சுருள் வேண்டாம். நுளம்பு வலை போதும். குசினிக் கதவைச் சாத்திவிட்டு, வெளியே போகும் ஜன்னலைத் திறந்து சமையுங்கள்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். பெட்டி ஓடுகிறது என்பதற்காக டொக்டர் தந்த இன்ஹேலரை நிறுத்துவது பெரும் ஆபத்து. அது மருந்தல்ல, வெறும் வடிகட்டி. கரி அடுப்பும் ஜெனரேட்டரும் கக்கும் காபன் மொனொக்சைட்டு வாயுவை அது பிடிக்கவே பிடிக்காது. பிள்ளை ஒரு வசனத்தை முழுதாகப் பேச முடியாமல் திணறினாலோ, விலா எலும்பிடையே தோல் உள்ளே இழுத்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, தந்திருக்கும் இன்ஹேலரைக் கொடுத்தபடியே உடனே தீவு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்லுங்கள்.

எல்லாம் பார்த்தும் பெட்டி எழவில்லையா? அப்போது யாழ்ப்பாணம் போகத்தான் வேண்டும். பின்புறச் சீட்டில் உள்ள மாதிரி எண்ணை முதலில் எழுதியெடுத்துப் போனில் கடைக்காரரிடம் கேளுங்கள். வடிகட்டி கிடைக்காத மாதிரியானால் பயணமே வீண். கொண்டு போகும்போது வயர், அடாப்டர், ரிமோட் எல்லாவற்றையும் சேர்த்தெடுங்கள். படகில் தெறிக்கும் உப்புத் தண்ணீர் படாமல் இரண்டு பொலித்தீன் பையில் கட்டி, மடியில் வைத்துக் கொள்ளுங்கள்.