272 படிகள்

பத்துமலைக் குகைக்கோயிலை அடைய 272 படிகள் ஏற வேண்டும். 2018-இல் வண்ணம் தீட்டப்பட்ட இப்படிகளைப் படமெடுப்போர் பலர். எண்ணிப் பார்ப்போர் சிலரே. தைப்பூசத்தன்று காவடி சுமப்போருக்கு இவையே கடைசிச் சோதனை.

272-ஐ வலமிருந்து இடமாகப் படித்தாலும் 272தான். ‘விகடகவி’ என்ற சொல்லும் இத்தகையதே. அடுத்தடுத்து வரும் 16-ஐயும் 17-ஐயும் பெருக்கினால் 272 கிடைக்கும். இதில் பாதி 136. ஒன்று முதல் பதினாறு வரையுள்ள எண்களைக் கூட்டினாலும் 136தான் வரும். எப்படி? 1-உம் 16-உம் சேர்ந்தால் 17; 2-உம் 15-உம் சேர்ந்தாலும் 17. இவ்வாறு எட்டு இணைகள் அமையும். எட்டுப் பதினேழு 136.

ஆகவே, 136ஆம் படியில் நிற்பவர் சரிபாதி ஏறிவிட்டார். தோளில் காவடி இருந்தால், எஞ்சிய பாதி ஏறி வந்த பாதியைவிட நீளமாகத் தோன்றும்.