சிறு பேழையும் பெருவெப்பமும்

பெரிய வீட்டில் பொருள்களை எங்கு வைத்தாலும் அடங்கும். சிறிய வீட்டிலோ ஒன்றை வைப்பதற்கு முன் மற்றொன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். கருவிகளைப் படைப்போரும் இந்நிலையை எய்துகின்றனர். கருவியின் உறுப்புகளையெல்லாம் தன்னகத்தே தாங்கி நிற்கும் புறக்கூட்டைப் பேழை என்போம். பேழை பெரிதாயின் உள்ளே வெற்றிடம் மிகும். படைப்போனுக்குத் தொல்லை குறையும். பேழை சுருங்கச் சுருங்க, ஒவ்வோர் உறுப்பும் தன் அண்டை உறுப்புக்கு இடையூறாகின்றது. கணினியில் விளையாடுவோர் பலர் இந்நாளில் விரும்புகின்ற மிகச் சிறிய பேழையை அமைப்பது எத்துணை அரிய செயல் என்பதை இப்பாடத்திற் காண்போம். அதற்கு முன், இவ்வகை அருஞ்செயல் ஒன்று நம் தமிழகத்தின் எல்லைப்புறத்திலேயே நிகழ்ந்ததை அறிந்துகொள்ளுதல் நன்று.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில், கருநாடக எல்லையை ஒட்டி, கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 880 மீட்டர் உயரத்தில் அமைந்தது ஓசூர் நகரம். அப்பால் அத்திப்பள்ளியை அடைந்தால் கருநாடகம். அவ்வழியே சென்றால் பெங்களூரு. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே கடைத்தெருவில் ஒலிக்கக் கேட்கலாம். கேழ்வரகும் ரோசாவும் விளையும் இம்மேட்டு நிலத்தில் 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை தோன்றியது. பின்னர்ச் சுமையுந்துகளும் மொபெட்டுகளும் கடிகாரங்களும் செய்யும் ஆலைகள் வந்தன. அவ்வாலைகளுக்கு வேண்டும் சிற்றுறுப்புகளைக் கடைந்தும் வெட்டியும் வளைத்தும் கொடுக்கும் பட்டறைகள் அவற்றைச் சூழ்ந்து பெருகின. மில்லிமீட்டரின் நூற்றிலொரு பங்கையும் பொருட்படுத்தி உலோகத்தில் வேலை செய்யும் பழக்கம் இவ்வட்டாரத்திற்கு வந்தது இவ்வாறேயாம்.

டாட்டா குழுமமும் தமிழ்நாடு அரசின் டிட்கோ நிறுவனமும் கூடி 1984-ஆம் ஆண்டில் டைட்டன் என்னும் கடிகார நிறுவனத்தைத் தொடங்கின. அதன் ஆலை ஓசூரில் உள்ளது. அந்நிறுவனம் 2002-ஆம் ஆண்டில் 'எட்ஜ்' என்னும் பெயரால் ஒரு கைக்கடிகாரத்தை வெளியிட்டது. அதன் மொத்தத் தடிப்பு 3.5 மில்லிமீட்டரே. உள்ளிருந்து முட்களை நகர்த்தும் பொறியின் தடிப்போ 1.15 மில்லிமீட்டர், நாம் நாள்தோறும் கையாளும் ஒரு ரூபாய் நாணயத்தினும் அது மெல்லியது. மெலிவோடு அமையாது, 30 மீட்டர் ஆழத்து நீரழுத்தத்திற்கு ஈடு கொடுக்கும் காப்பும் அக்கடிகாரத்திற்கு உண்டு. இத்துணை மெல்லிய பேழையில் நீர்க்காப்பு இயலாது என்று சுவிட்சர்லாந்து நாட்டு வல்லுநர் கைவிரித்தனர் என்றும், அதன் பின்னர் ஓசூர்ப் பொறியாளர் தாமே முயன்று முடித்தனர் என்றும் அந்நிறுவனத்தார் கூறுவர்.

அவ்வல்லுநர் கைவிரித்ததிலும் பொருளுண்டு. ஒரு தகட்டின் தடிப்பைப் பாதியாகக் குறைத்தால் அது வளையும் அளவு இரு மடங்கன்று, எட்டு மடங்காகின்றது. எனவே கடிகாரத்தின் முதுகுத் தகட்டை மெலிவித்தால், நீரழுத்தத்தால் அஃது உள்ளே குழிந்து பொறியைத் தொட்டுவிடும். நீர் புகாமல் தடுக்கும் வளையமோ, நசுங்கி இறுகுவதற்கென்று சிறிது தடிப்பைக் கேட்கும். மேலே மூடும் கண்ணாடியும் தன் பங்கைக் கேட்கும். இவ்வாறு ஒவ்வொன்றும் இடம் கேட்கையில், பேழையை மட்டும் சீவிக்கொண்டிருப்பதாற் பயனில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பற்சக்கரங்களைப் பக்கம் பக்கமாகப் பரப்புதல் போல, உள்ளிருப்பவற்றையே புதிதாக ஒழுங்கு செய்தல் வேண்டும். சிறு பேழை அமைக்கும் கலையின் அடிப்படை இதுவே. பேழையை முதலில் வரைந்து, பின் உறுப்புகளை அதனுள் திணிப்பவன் வெற்றி காண்பதில்லை.

கடிகாரத்தினும் கடியதொரு சிக்கல் கணினிப் பேழைக்கு உண்டு. கைக்கடிகாரம் நுகரும் மின்னாற்றல் மிகமிகச் சிறிது. ஒரு சிறு மின்கலத்தைக் கொண்டு அஃது ஆண்டுக் கணக்கில் ஓடும். ஆதலின் அது சூடேறுவதில்லை. விளையாட்டுக்கென அமைந்த கணினியோ, திரையில் மலையும் கடலும் ஓடும் ஊர்திகளும் நொடிக்கு அறுபது முறைக்கு மேலும் புதிதாகத் தோன்றுமாறு, படங்களை இடையறாது கணக்கிட்டு வரைகின்றது. அதனுள் உழைக்கும் தலையாய உறுப்புகள் இரண்டு. கட்டளைகளை நிறைவேற்றும் செயலி ஒன்று; படங்களை உருவாக்கும் வரைகலை அட்டை மற்றொன்று. செயலி நூறு வாட்டும் அட்டை முந்நூறு வாட்டும் கொள்வது இயல்பு. இவ்விரண்டும் எந்தச் சக்கரத்தையும் சுழற்றுவதில்லை. எந்தச் சுமையையும் தூக்குவதில்லை. எனவே அவை கொண்ட நானூறு வாட்டும் வெப்பமாகவே மாறி வெளிப்படுகின்றது. துணி தேய்க்கும் மின்பெட்டி ஒன்று எழுநூற்றைம்பது அல்லது ஆயிரம் வாட்டு கொள்ளும் என்பதை நினைத்துப் பாருங்கள். அதன் பாதி அனலை ஒரு சிறு பெட்டிக்குள் அடைத்து, ஆயினும் உள்ளே சூடேறலாகாது என்று நாம் கட்டளையிடுகின்றோம்!

இவ்வெப்பத்தை வெளியே கொண்டு செல்வது காற்று. எவ்வளவு காற்று வேண்டும் என்பதைக் கணக்கிட்டே அறியலாம். உட்புகும் காற்றைக் காட்டிலும் வெளியேறும் காற்று 15 பாகை செல்சியசு மட்டுமே மிகையாகச் சூடேறலாம் எனக் கொள்வோம். நானூறு வாட்டு வெப்பத்தைச் சுமந்து செல்வதற்கு, நொடிக்கு ஏறத்தாழ 22 லிட்டர் காற்று பேழையினூடே பாய்தல் வேண்டும். கடைகளிற் பரவலாகக் காணும் கோபுரப் பேழையின் கொள்ளளவு நாற்பது ஐம்பது லிட்டர்; மூன்று குடத் தண்ணீர் கொள்ளும். அதனுள் இருக்கும் காற்று இரண்டு நொடிக்கு ஒரு முறை மாறினாற் போதும். ஏழு லிட்டர்ப் பேழையிலோ, ஒரு நொடிக்குள்ளேயே காற்று மும்முறை மாறுதல் வேண்டும். ஓசூர் போன்ற மேட்டு நிலத்திற் காற்றின் அடர்த்தி கடற்கரையிற் காண்பதைவிட நூற்றுக்கு எட்டுப் பங்கு குறைவு. ஆதலால் அங்கே விசிறி இன்னும் சிறிது மிகுதியாகத் தள்ள வேண்டும். ஆயினும் அவ்வூரின் குளிர்ந்த காற்று அக்குறையை ஒருவாறு ஈடு செய்துவிடும். சென்னைச் சித்திரை வெயிலில் அச்சலுகை இல்லை.

காற்று போதாவிடின் யாது நிகழும்? செயலியின் வெப்பம் நூறு பாகையை நெருங்கும்பொழுது, அது தன்னைத் தானே காத்துக்கொள்ளும் பொருட்டு வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பெரும்பொருள் கொடுத்து வாங்கிய கருவி, தன் ஆற்றலிற் பாதியை மறைத்துவைத்து நொண்டி நடக்கும். விசிறிகளை விரைந்து சுழற்றினால் வேகம் மீளும். ஆனால் சிறு பேழையிற் சிறு விசிறியே அடங்கும். சிறு விசிறி பெரு விசிறியளவு காற்றைத் தள்ளுவதற்கு மிக விரைந்து சுழன்று இரைச்சலிடும். எனவே, பேழையின் சுவரில் எங்கெங்குத் துளையிடுவது, எவ்வளவு துளையிடுவது என்பது அழகு பற்றிய வினா அன்று. கருவியின் உயிர் பற்றிய வினா. துளை மிகுந்தாற் காற்று நன்கு வரும், தகடு வலுவிழக்கும். தகட்டின் ஓரங்களை மடித்து வளைத்தால் வலு மீண்டும் பிறக்கும். தட்டையான தாளை இரு முனையிற் பற்றி நிறுத்த இயலாது. அதனையே மடிப்பு மடிப்பாக்கினால் நூலொன்றைத் தாங்கும் அன்றோ? ஒன்றரை மில்லிமீட்டர் அலுமினியத் தகடும் இம்முறையாற் பெட்டியாக நிமிர்ந்து நிற்கின்றது.

இனி, உள்ளிருப்பவற்றை ஒழுங்கு செய்யும் முறையைக் காண்போம். கணினியின் உறுப்புகளையெல்லாம் இணைக்கும் தாய்ப்பலகை, 1995-இல் வந்த அமைப்பில் 305 மில்லிமீட்டர் நீளமும் 244 மில்லிமீட்டர் அகலமும் உடையதாயிருந்தது. தைவான் நாட்டு வியா நிறுவனம் 2001-ஆம் ஆண்டில் 170 மில்லிமீட்டர்ச் சதுரப் பலகையை அறிமுகம் செய்தது. சிறு பேழைகளுக்கு வழி திறந்தது இப்பலகையே. ஆயினும் வரைகலை அட்டை பலகையின்மேல் செங்குத்தாக நிற்பதால், பேழையின் அகலம் குறையாமலே இருந்தது. இதற்கு ஒரு வழி கண்டனர். அட்டையைப் பலகையினின்றும் பிரித்து, பட்டையான கம்பியொன்றால் இணைத்து, பலகையின் முதுகும் அட்டையின் முதுகும் ஒன்றையொன்று நோக்குமாறு வைத்தனர். நடுச்சுவர் ஒன்றால் இரு குடும்பம் வாழும் வீடு போல இஃது அமைகின்றது. செயலி ஒரு பக்கத்துத் துளைவழியே குளிர்காற்றை ஈர்க்கும். அட்டை மறு பக்கத்துத் துளைவழியே ஈர்க்கும். ஒருவர் வீட்டு அடுப்புப் புகை மற்றவர் வீட்டிற் புகுவதில்லை. சூடேறிய காற்று மேலே எழுந்து கூரைத் துளைகளின் வழியே நீங்கும்.

இவ்வமைப்பிற் பெயர் பெற்ற பேழைகளுள் ஒன்று, ஜெர்மானியர் ஒருவர் வரைந்த 'டான் ஏ4' என்பது. விரும்பியோர் பலர் முன்பணம் தந்து உதவ, 2016-இல் அதற்கு வழி பிறந்தது. தைவானின் லியன் லி நிறுவனம் அதனைச் செய்தளித்தது. அதன் கொள்ளளவு 7.2 லிட்டர், நான்கைந்து செங்கற்களை அடுக்கிய பருமனே எனலாம். அதனினும் சிறியனவற்றைச் செய்து, 'என்னுடையது ஐந்து லிட்டர், என்னுடையது நான்கு' என்று போட்டியிடுவாரும் உளர். ஒரு லிட்டரைக் குறைத்தற் பொருட்டுக் காதைத் துளைக்கும் விசிறியோடு வாழ்வதை யான் திறமை என்று கொள்ளேன்.

விசிறியே இல்லாத கணினியும் ஒன்று உண்டு. அது நம் இல்லந்தோறும் இருக்கும் கைப்பேசி. விளையாடுவோர் கையில் அது மூன்று நான்கு வாட்டு வெப்பத்தை இடையறாது உமிழும். துளையும் இல்லை, காற்றோட்டமும் இல்லை. ஆதலின் வெப்பம் வெளியேறுவதற்குப் பேழையைத் தவிர வேறு வழியில்லை. உறையே குளிர்விப்பானாகவும் பணி செய்கின்றது. இங்கு உலோகத்தின் இயல்பு பெரிதும் கருதத் தக்கது. தூய அலுமினியம், தூய டைட்டேனியத்தைக் காட்டிலும் ஏறத்தாழப் பத்து மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். ஆப்பிள் நிறுவனம் 2023-இல் தன் உயர்தர ஐபோனின் புறச்சட்டத்தை வலிமையும் இலேசும் கருதி டைட்டேனியத்தாற் செய்தது. 2025-இல் மீண்டும் அலுமினியத்திற்குத் திரும்பியது. அதனோடு, சிறிதளவு நீர் அடைத்த மெல்லிய உலோக அறை ஒன்றையும் உள்ளே அமைத்தது. செயலியின் சூட்டால் அந்நீர் ஆவியாகிப் பரவி, குளிர்ந்த பக்கத்தில் மீண்டும் நீராகி, வெப்பத்தைப் பேழை முழுவதும் பகிர்ந்தளிக்கும்.

ஐபோன்களுக்குரிய உலோகப் பேழைகள் ஓசூரை அடுத்து, கிருஷ்ணகிரி மாவட்டத்தில், டாட்டா எலக்ட்ரானிக்சு நிறுவனத்தின் ஆலையிற் செய்யப்படுகின்றன. ஆங்குப் பணி செய்வோருட் பெரும்பாலோர் இளம் பெண்கள். வட மாநிலங்களினின்று வந்து விடுதிகளில் தங்கியிருப்போரும் அவருள் உளர். மயிரிழை பிசகினாலும் பேழை தள்ளப்படும் நுண்பணி அது. ஆயினும் ஒன்றை மறைக்காமற் சொல்லல் வேண்டும். அப்பேழை எவ்வடிவில் அமைய வேண்டும், எந்த உலோகத்தால் ஆக வேண்டும் என்பதை முடிவு செய்தது அமெரிக்க நாட்டில். இங்கு நடப்பது அம்முடிவை உலோகத்தில் வடித்தல். 'எட்ஜ்' கடிகாரத்திலோ எண்ணியதும் வரைந்ததும் வடித்ததும் இம்மண்ணிலேயே நிகழ்ந்தன. வடிப்போர்க்குக் கூலி கிடைக்கும். எண்ணியவர்க்கே பொருளின் பெரும்பயன் சேரும். இவ்விரண்டனுள் எது மிகுதியாக நம் எல்லைப்புற ஊர்களில் நடைபெறும் என்பது, இப்பாடத்தைப் படிக்கும் நும்போன்றோர் கையில் இருக்கின்றது.

எண்ணிப் பார்ப்பதற்குப் பெரிய ஆலை வேண்டுவதில்லை. தடித்த அட்டையும் அளவுகோலும் கத்தரியும் பசையும் இருந்தாற் போதும். தாய்ப்பலகையையும் அதன்மேல் அமரும் குளிர்விப்பானையும் சேர்த்து 170, 170, 60 மில்லிமீட்டர் அளவில் ஒரு கட்டை செய்க. சிறு மின்வழங்கிக்கு 125, 100, 63.5 மில்லிமீட்டரில் ஒன்று. வரைகலை அட்டைக்கு 270, 120, 40 மில்லிமீட்டரில் ஒன்று. மூன்றன் கன அளவையும் கூட்டினால் நான்கு லிட்டருக்கும் குறைவாகவே வரும். அவ்வாறாயின் தேர்ந்த பேழையும் ஏழு லிட்டராவது ஏன் என்னும் ஐயம் எழும். கட்டைகளை அடுக்கிப் பார்க்கையில் விடை தானே தோன்றும். எஞ்சிய மூன்று லிட்டரிற் காற்று நடக்க வேண்டும். கம்பிகள் வளைய வேண்டும். பழுது நேருமாயின் திருகுளியும் விரல்களும் உள்ளே செல்ல வேண்டும். மின்வழங்கியின் செருகி அட்டையின் அடியில் மறைந்துவிட்டால், அதனைக் கழற்றுவதற்கு அனைத்தையும் கழற்ற நேரும். அப்பொழுது அடுக்கைக் கலைத்து, மின்வழங்கியை முன்பக்கம் தள்ளி, மீண்டும் அளக்கத் தொடங்குக.