மணலில் டயரைக் காக்கும் ரிம் லாக்

1978 டிசம்பரில் பாரிஸிலிருந்து புறப்பட்ட முதல் பாரிஸ்–டாக்கர் பந்தயம் சகாரா பாலைவனத்தைக் கடந்து சென்றது. கார்களையும் முந்திக்கொண்டு 500 சி.சி. மோட்டார் சைக்கிளில் வென்றவர் சிரில் நெவு என்ற பிரெஞ்சு வீரர். இத்தகைய மணலில் சக்கரம் புதையும்போது எஞ்சினை எவ்வளவு முடுக்கினாலும் பள்ளம்தான் ஆழமாகும். டயரில் காற்றைக் குறைத்தால் வண்டி மேலெழும்!

இதற்குக் காரணம் எளிய கணக்கே. பின்சக்கரத்தின் மேல் 330 பவுண்டு, அதாவது சுமார் 150 கிலோ பாரம் இருப்பதாகக் கொள்வோம். டயரில் சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு காற்று இருந்தால், தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய 11 சதுர அங்குலம். காற்றை 15 பவுண்டாக்கினால் பரப்பு 22 சதுர அங்குலம் ஆகிறது. டயரின் பக்கச்சுவரும் சிறிது பாரத்தைத் தாங்குவதால் கணக்கு சற்றே மாறும். ஒட்டகத்தின் அகன்ற பாதம் செய்யும் வேலையும் இதுவே.

ஆனால் காற்றுக்கு இன்னொரு பணியும் உண்டு. டயரின் கம்பி விளிம்பை ரிம்மோடு இறுக்கிப் பிடித்திருப்பது அதுவே. காற்று குறைந்தால் பிடி தளரும். எஞ்சின் ரிம்மை வேகமாகச் சுழற்ற, டயரோ மணலைப் பற்றிக்கொண்டு பின்தங்கும். டயருடன் ஒட்டியுள்ள ட்யூபும் நகரும். வால்வு மட்டும் ரிம்மின் துளையில் மாட்டிக்கொள்ளும். விளைவு? வால்வு அடியோடு பிய்ந்துவிடும். அந்தக் கிழிசலுக்கு ஒட்டுப் போட முடியாது. நடுப் பாலைவனத்தில் மாற்று ட்யூப் இல்லாதவர் நிலையை எண்ணிப் பாருங்கள்!

இதைத் தடுப்பதே ரிம் லாக். ரப்பர் பூசிய சிறு கட்டை ஒன்று. அதில் ஒரு போல்ட். கட்டை டயருக்குள் இருக்க, போல்ட் ரிம்மின் துளை வழியே வெளியே வரும். நட்டை முடுக்கினால் கட்டை டயரின் விளிம்புகளை ரிம்மோடு சேர்த்து நெருக்கும். ஒரு பக்கம் எடை கூடுவதால் வேகத்தில் சக்கரம் குலுங்கும். எதிர்ப்புறம் எடை வைத்துச் சரிசெய்வார்கள். ட்யூப் இல்லாத டயர்களின் ரிம்மில் விளிம்பைத் தடுத்து நிறுத்தும் மேடு உண்டு. பிய்ந்து போக ட்யூபும் இல்லை. ஆகவே அவற்றுக்குப் பெரும்பாலும் இது தேவைப்படுவதில்லை.

கல் நிறைந்த பாதையில் ரிம் லாக்கை மட்டும் நம்பிக் காற்றை இறக்குவது தவறு. கல்லுக்கும் ரிம்முக்கும் இடையே ட்யூப் நசுங்கி, பாம்பு தீண்டியது போல அருகருகே இரு துளைகள் விழும். தார்ச்சாலைக்கு வந்ததும் காற்றை முன்போல் நிரப்பியே ஆகவேண்டும். தொய்ந்த டயர் மிகையாகச் சூடேறும்.

வால்வின் நட்டை ரிம்மோடு ஒட்ட முடுக்காமல் மூடிக்கு அருகில் விட்டுவைப்பது அனுபவசாலிகளின் வழக்கம். ட்யூப் நகர்ந்தால் வால்வு சாய்ந்து காட்டிக்கொடுக்கும். உடனே வண்டியை நிறுத்தி, காற்றை இறக்கி, ரிம் லாக்கைத் தளர்த்தி வால்வை நேராக்கிவிட்டு, மீண்டும் இறுக்க வேண்டும்.